ரஷ்ய நாவல்களில் காணாமல்போன ‘நீ’

உங்களை ‘நீ’ என்று கூப்பிடட்டுமா என்று போன வருடம் ஒருவர் என்னிடம் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அறுபத்து மூன்று வயதில் எனக்குக் கிடைத்த ஒரேயொரு சிநேகிதியை அப்படித்தான் இழந்தேன். அது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு ரஷ்யாவிலிருந்து தொடங்க வேண்டும். நான் ரஷ்யாவைக் கண்ணால் கண்டதில்லை. எனக்குத் தெரிந்த ரஷ்யா முழுவதும் லண்டனில், இல்ஃபோர்டில் ஒரு நூலகத்தின் மேல்மாடியில், செவ்வாய்க்கிழமைகளில், பின்னேரம் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் இருந்தது.

நூலகத்துக்கு நான் இலக்கியம் தேடிப் போகவில்லை. என் புருசன், இவர், இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடம் நின்று வேலை செய்ததில் முழங்கால் போய், வேலையும் போய்விட்டது. மகன் கிளாஸ்கோவில். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து, ‘அம்மா, யூ ஓகே?’ என்று கேட்பான். ஓம் என்பேன். பகலில் வீட்டில் குளிரும், தொலைக்காட்சியும், நானும். நூலகத்தில் ஹீட்டர் போட்டிருப்பார்கள், மனிதர்கள் இருமுவது கேட்கும். அதற்காகப் போனேன். தமிழ் அலுமாரியில் இருந்த நாற்பது சொச்சம் புத்தகங்களையும் முடித்துவிட்டு, சமையல் குறிப்பை இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் சுவரில் அந்த அறிவித்தலைக் கண்டேன். இன்றைய ரஷ்யப் பெண்கள் எழுதிய நாவல்கள், மாதம் ஒரு நாவல், செவ்வாய்தோறும் கூடியிருந்து பேசலாம், தேநீரும் பிஸ்கட்டும் உண்டு. பிஸ்கட்டை நம்பித்தான் பெயர் கொடுத்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

எட்டுப் பேர் வந்தார்கள். நடத்தியவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, வெள்ளைக்காரர், பொறுமைசாலி. முதல் நாள் முழுவதும் பெயர்களைப் பற்றியே முறைப்பாடு. ஒரு ஆளுக்கு மூன்று பெயர், வீட்டுப் பெயர் வேறு, நடுவில் தகப்பன் பெயர் வேறு, யார் யாரென்றே விளங்கவில்லை என்றார்கள். எனக்கு அதில் ஒரு சிக்கலும் இருக்கவில்லை. எனக்கும் பதிவில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். தகப்பன் பெயர் என் பெயருக்கு முன்னால் நிற்பதால் டொக்டரிடம் போனால் தாதி என்னுடைய ஐயாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். நானும் எழுந்து போவேன். ஐயா இறந்து முப்பது வருடம். அவருக்கு இன்னும் இல்ஃபோர்டில் இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள்.

இதை அங்கே சொன்னேன். எல்லாரும் மரியாதையாகப் புன்னகைத்தார்கள். மூலையில் ஒரு பெண் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

அவர் ரஷ்யாக்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர் என்று பிறகு தெரிந்தது. உலர்சலவைக் கடை ஒன்றில் பின்கட்டில் இருந்து காற்சட்டைகளுக்குக் கரை மடிக்கிற வேலை. செவ்வாய் அவருக்கு லீவு. தன் நாட்டுப் புத்தகங்களை ஆங்கிலத்தில் எப்படிக் கெடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். முகத்தில் சிரிப்பு எளிதில் வராது, வந்தால் தோள் இரண்டும் குலுங்கும்.

முதல் நாவலில் ஒரு தம்பதி விவாகரத்து எடுத்துவிட்டு, போக வேறு வீடு கிடைக்காமல் ஒரே இரண்டறை வீட்டில் பதினொரு வருடம் இருக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டியின் நடுவில் சிவப்பு நூல் கட்டி, மேல்தட்டு அவளுக்கு, கீழ்த்தட்டு அவனுக்கு. ஒருநாள் அவன் தட்டில் இருக்கிற சூப் புளித்துப்போவதைக் காண்கிறாள். எடுத்து ஊற்றவும் மனமில்லை, விடவும் மனமில்லை. கடைசியில் நூலை அவிழ்த்து, சட்டியை எடுத்துக் கொதிக்க வைத்து, திரும்ப வைத்து, நூலைக் கட்டுகிறாள். கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசும்போது ஒருவர் ‘எவ்வளவு இருட்டு’ என்றார். இன்னொருவர் கண்ணைத் துடைத்தார். நானும் அந்த ரஷ்யாக்காரரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். என்ன சிரிப்பு என்று ஆசிரியை கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோபத்தில் இருக்கிற பெண் சூப்பைச் சூடாக்குவது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த விசயம், அவ்வளவுதான்.

இரண்டாவது புத்தகத்தில் தாய் இறந்த வீட்டில் மகள் அழுதுகொண்டே, வந்தவர்கள் இருப்பதற்குக் கதிரை போதுமா என்று எண்ணுவாள். அப்போதும் நாங்கள் இருவர்தான். செத்த வீட்டில் ஒப்பாரிக்கு நடுவில் தேத்தண்ணி எல்லாருக்கும் போய்விட்டதா என்று கண்ணால் பார்க்காத பெண் எங்கள் ஊரில் உண்டா? இவருடைய செத்த வீட்டிலேயே நான் பிளாஸ்டிக் கப் போதுமா என்று மச்சாளைக் கேட்டேன். அதை நினைத்துப் பல நாள் வெட்கப்பட்டிருக்கிறேன். யாரோ ஒரு பெண், நான் பார்த்தே இராத ஒரு பனி ஊரில் இருந்து, அதை அப்படியே எழுதி வைத்திருந்தாள். வெட்கம் கொஞ்சம் இறங்கியது.

இந்தப் புத்தகங்களில் என்ன இருக்கிறது, ஏன் இவ்வளவு பேர் தேடி வாசிக்கிறார்கள் என்று ஆசிரியை ஒருநாள் கேட்டார். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள், வரலாறு, அரசியல், பெண்விடுதலை என்று. என் முறை வந்தபோது, ‘சமையலறை’ என்று மட்டும் சொன்னேன். ஆங்கிலம் அதற்குமேல் வரவில்லை. தமிழில் என்றால் இப்படிச் சொல்லியிருப்பேன்: இவற்றில் ஒருத்தியும் முடிவில் திருந்துவதில்லை, வெல்வதில்லை, கடற்கரையில் நின்று தன்னைக் கண்டுபிடிப்பதில்லை. தனியாக இருக்கிறவளுக்கு மருந்து சொல்வதில்லை. தனியாக இருக்கிறவள் மத்தியானம் என்ன சாப்பிட்டாள், நின்று சாப்பிட்டாளா இருந்து சாப்பிட்டாளா என்று எழுதியிருக்கிறார்கள். நான் இரண்டு வருடமாக நின்றுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு கூட்டத்தில் மட்டும் காற்று மாறியது. இந்தக் காலத்தில், இந்தப் போர் நடக்கும்போது, ரஷ்யப் புத்தகங்களை வாசிப்பது சரிதானா என்று ஒருவர் கேட்டார். கேட்டது நியாயம்தான். எல்லாரும் அந்த ரஷ்யாக்காரரைப் பார்க்காமல் பார்த்தார்கள். அவர் மேசையில் இருந்த பிஸ்கட் துகள்களை விரலால் ஒன்று சேர்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் என்று கேட்கப்படுவதற்கு முன்பே தலை குனிகிற அந்தக் குனிவு எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் நானாகப் போய், கீழே கோப்பி குடிப்போமா என்று கேட்டேன். லண்டனுக்கு வந்த முப்பது வருடத்தில் ஒரு அந்நியரை நானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அதிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் கூட்டம் முடிந்து ஒரு மணித்தியாலம் கோப்பிக் கடையில் இருந்தோம். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நடந்தன. என் சொந்தப் பெயர் எது என்று முதல் நாளே கேட்டு, அதைச் சரியாகச் சொல்லும்வரை விடவில்லை. லண்டனில் என்னை என் பெயரால் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். கடையில் நான் அக்கா, மகனின் சிநேகிதருக்கு அன்ரி, கவுன்சில் கடிதத்தில் இவருடைய பெயர் போட்ட மிஸிஸ், டொக்டரிடம் ஐயா.

எங்கள் விளையாட்டு அங்கேதான் தொடங்கியது. ரஷ்ய மொழியில் ஆளை விளிப்பதற்கு இரண்டு சொல் என்றார். ‘வி’ என்றால் மரியாதை, ‘தி’ என்றால் நெருக்கம். ஆங்கிலத்தில் எல்லாம் ‘யூ’ ஆகிவிடுவதால் பாதிக் கதை காணாமல் போகிறது என்று அவருக்குக் கோபம். ஒரு பெண் ஒருவனை நூறு பக்கம் ‘வி’ என்று கூப்பிட்டுவிட்டு நூற்றோராம் பக்கத்தில் ‘தி’ என்பாள், ரஷ்யாவில் வாசகி புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு மூச்சு வாங்குவாள், இங்கே ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்றார். நான் ஆங்கிலப் புத்தகத்தில் விரலை வைத்து, ‘இந்த யூ எது?’ என்று கேட்பேன். முதலில் என்னையே ஊகிக்கச் சொல்வார். பிறகு தன் போனில் ரஷ்ய மூலத்தை எடுத்துப் பார்ப்பார். பத்துக்கு எட்டுத் தடவை நான் சரி. எப்படி என்று ஆச்சரியப்பட்டார். அந்த வசனத்தைத் தமிழாக்கி மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன், எந்தச் சொல் வாயில் வருகிறதோ அதுதான் என்றேன். நான் ‘தி’ என்று சொல்லிப் பார்த்தால், என் ‘த’ நல்ல ‘த’ என்றும், ஆங்கிலேயருக்கு அது வராது என்றும், ஆனால் அதன் பின்னால் வருகிற ‘இ’ மகா மோசம் என்றும் சொல்லிச் சிரிப்பார்.

எங்களிடம் இரண்டு அல்ல, மூன்று இருக்கிறது என்று நான் பெருமை அடித்தேன். நீ, நீர், நீங்கள். நடுவில் இருக்கிற ‘நீர்’ யாருக்கு என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் புருசன் மனைவியைக் கூப்பிடுவது என்றேன். ‘இஞ்சாரும், தேத்தண்ணி குடிச்சீரோ?’ என்று இவர் கேட்பது போலச் சொல்லிக் காட்டினேன். என்னை ‘நீர்’ என்று சொல்ல இனி இந்த உலகத்தில் ஆளில்லை என்பது அந்தக் கோப்பிக் கடையில்தான் எனக்கு முதலில் உறைத்தது. அவர் தன் கேக்கில் பாதியை என் தட்டில் வைத்தார்.

அடுத்த செவ்வாய்தான் அது நடந்தது. மார்ச் மாதம், வெளியே நல்ல வெயில். அவர் வழமையைவிட நேர்த்தியாக உடுத்திருந்தார். இரண்டு கோப்பிக்கும் தானே சொல்லிவிட்டு வந்து இருந்து, தொண்டையைச் செருமி, பாடமாக்கி வந்தது போலச் சொன்னார்: “நான் மனதுக்குள் உங்களோடு ரஷ்ய மொழியில்தான் பேசுகிறேன். அங்கே இதுவரை ‘வி’. இனி ‘தி’ என்று கூப்பிடலாமா? உங்களுடைய ‘நீ’?”

என் காதில் விழுந்தது கடைசிச் சொல் மட்டும்தான். முகம் சூடாகிவிட்டது. “எங்கள் ஆட்களில் அப்படி இல்லை,” என்றேன். “நான் உங்களைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். என்னை ‘நீங்கள்’ என்றே கூப்பிடுங்கள்.”

இவ்வளவுக்கும் நாங்கள் பேசிக்கொண்டிருந்தது ஆங்கிலம். அவர் என்னை மனதுக்குள் எப்படிக் கூப்பிட்டாலும் வாயில் ‘யூ’தான் வந்திருக்கும். அந்த மனதுக்குள்ளும் எனக்கு மரியாதை வேண்டியிருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவருக்கு விளக்கவில்லை. விளக்கியிருக்க வேண்டும். எனக்கு ‘நீ’ என்றவுடன் நினைவுக்கு வருவது ஊரில் சென்றியில், வீதிச் சோதனைச் சாவடியில், நின்ற சிங்கள ஆமிக்காரன். அவனுக்குத் தெரிந்த தமிழில் ‘நீங்கள்’ இருக்கவில்லை. ‘நீ எங்க போறது? ஐசி எடு’ என்று அடையாள அட்டை கேட்பான். அம்பது வயது வாத்தியாரான என் ஐயாவும் சைக்கிளால் இறங்கி நின்று அந்த ‘நீ’க்குப் பதில் சொல்லுவார். பின்னால் காரியரில் இருந்த நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதே மனதில் பதிந்தது, ஊர் பேர் தெரியாத ஒருவர் வாயில் இருந்து அந்தச் சொல்லை இனிக் கேட்பதில்லை என்று. மூன்று வைத்திருக்கிறோம் என்று பெருமை அடித்தவளுக்கு, அதில் ஒன்றை ஒருவர் மரியாதையாக அனுமதி கேட்டு எடுக்கிறார் என்பது விளங்கவில்லை. சென்றிக்காரன் ஒருநாளும் அனுமதி கேட்டதில்லை.

அவர் முகம் ஒரு கணம் வெறுமையானது. பிறகு, “நிச்சயமாக. மன்னிக்கவும்,” என்றார். கோப்பியை முழுவதும் குடித்தார். கடை வாசலில் என்னைப் பார்த்து, மிஸிஸ் என்று தொடங்கி இவருடைய பெயரைச் சொல்லி விடைபெற்றார். என் பெயரைச் சொல்லவில்லை.

அதன் பிறகு இரண்டு கூட்டங்களுக்கு வந்தார். முடிந்ததும் வேலை இருக்கிறது என்று இறங்கிப் போனார். மூன்றாவதற்கு வரவில்லை. தையல் வேலை வேறு கடையில் கிடைத்து ஸ்ட்ரெதமுக்கு வீடு மாறிவிட்டதாக ஆசிரியை சொன்னார். இல்ஃபோர்டிலிருந்து ஸ்ட்ரெதம் ஒரு மணித்தியாலச் சொச்சம், எலிசபெத் லைனில் போய் ஃபரிங்டனில் மாற வேண்டும். ஆனால் லண்டனில் ஆறு தாண்டிப் போனவர்கள் எங்களுக்கு வெளிநாடு போனவர்கள் மாதிரித்தான்.

மச்சாளிடம் போனில் சொன்னேன். இவருடைய தங்கச்சி, நல்லவள், எல்லாவற்றுக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பாள்.

“நீங்கள் சொன்னது சரிதானே மச்சாள்,” என்றாள். “எங்கையோ கிடந்து வந்தவளுக்கு என்னெண்டு அப்பிடிக் கேக்க வாய் வரும்? விடுங்கோ. கோயிலுக்கு வாங்கோ, அங்கை எங்கடை ஆக்கள் எவ்வளவு பேர்.”

“ஓம், வாறன்,” என்றேன். போனேன். எங்கடை ஆக்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லாரும் என்னை ‘எப்பிடி இருக்கிறியள் அக்கா’ என்று கேட்டார்கள். நல்லாயிருக்கிறன் என்று முப்பது தடவை சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்தேன்.

கோடையில் கடைசி நாவல். ஆஸ்பத்திரி வார்டு ஒன்று, ஆறு கட்டில், ஆறு பெண்கள். அதில் இரண்டு பேர், ஒருத்தி நீதிபதி, ஒருத்தி டிராம் ஓட்டுகிறவள். நாற்பது நாள் பக்கத்துக் கட்டில்களில் கிடந்து, ஒருத்திக்கு ஒருத்தி தலைவாரிவிட்டும், இன்னும் மரியாதையாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். வீட்டுக்குப் போகிற நாளுக்கு முதல் நாள் டிராம்காரி தன்னிடமிருக்கிற நல்ல சட்டையைப் போட்டுக்கொள்கிறாள். இரண்டு கோப்பையில் ஆப்பிள் சாறு ஊற்றி எடுத்து வருகிறாள். தொண்டையைச் செருமுகிறாள். ஆங்கிலத்தில் அவள் சொன்னது, ‘நாம் இனி யூ என்று கூப்பிட்டுக்கொள்ளலாமா?’ மொழிபெயர்த்தவருக்கு வேறு வழி இருக்கவில்லை, பாவம். கூட்டத்தில் இந்த இடம் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஏற்கெனவே யூ தானே என்றார்கள்.

எனக்கு விளங்கியது. நல்ல உடுப்பு. இரண்டு கோப்பை. செருமல். நான் கதிரையை விட்டு எழுந்து, முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். மரியாதைக் குறைவு என்று நினைத்தேனே, அவர்கள் ஊரில் ஒரு மனுசிக்குக் கொடுக்கக்கூடியதில் அதுதான் மிகப் பெரியது. வளர்ந்த பிறகு சந்தித்த ஒருவருக்கு அதை இலேசில் கொடுக்க மாட்டார்கள். பத்துக்கு எட்டுத் தடவை சரியாகச் சொன்னவள் என் சொந்த வாழ்க்கையில் வந்த ஒன்றைத் தவறவிட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் உடனே அவருக்குப் போன் எடுக்கவில்லை. மூன்று கிழமை எடுத்தது. என்ன சொல்வது, எந்த மொழியில் சொல்வது? மன்னிப்புக் கேட்டு ஆங்கிலத்தில் நீளமாக எழுதினேன், அழித்தேன். ஆங்கிலத்தில் எழுதினால் எல்லாம் கவுன்சிலுக்குப் போடுகிற விண்ணப்பம் போல வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் எடுத்தான். ‘அம்மா, யூ ஓகே?’ ஓம் என்றேன். அவன் வைத்த பிறகு போன் கையிலேயே இருந்தது. அவருடைய இலக்கத்தை அழுத்தினேன். ஐந்து தரம் அடித்தது. எடுத்தவர் ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னார், பிறகு, “ஹலோ? மிஸிஸ்...?” என்றார். மரியாதையான குரல், கரை மடித்த குரல்.

எழுதி வைத்த ஒன்றும் வாயில் வரவில்லை. “தி,” என்றேன்.

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது போல, அது நின்றது. விளங்கவில்லையோ என்று பயந்து இன்னொரு தரம் சொன்னேன். “தி. நீ. இரண்டும்.”

“உன்னுடைய ‘இ’ இன்னும் மகா மோசம்,” என்றாள் ஆங்கிலத்தில். பிறகு என் பெயரைச் சொன்னாள். பிறகு அவளுக்கு ஆங்கிலம் நின்றுவிட்டது. ரஷ்ய மொழியில் பேசத் தொடங்கினாள். ஏசினாளா, அழுதாளா, ஸ்ட்ரெதமில் வீட்டு வாடகையைப் பற்றிச் சொன்னாளா, எனக்கு ஒரு வசனமும் தெரியாது. இரண்டு மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் பேசினாள். நான் அந்த ஒரு சொல்லுக்காக மட்டும் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். அது வந்தது. திரும்பவும் வந்தது. ஒவ்வொரு தரமும் நான் “ஓம்” என்றேன்.

அம்மா போன பிறகு என்னை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.